ஒரு டீய முழுசா குடிக்கிறது எப்படி

டம்ளர எடுத்து வாய்கிட்ட கொண்டு போறீங்க, உள்ள ஒண்ணும் இல்ல. அடியில கொஞ்சம் டீத்தூள் ஒட்டிட்டு இருக்கு, அவ்ளோதான். எப்ப குடிச்சோம், சூடா இருந்துச்சா ஆறிப்போச்சா, சர்க்கரை சரியா இருந்துச்சா, எதுவும் ஞாபகத்துல இல்ல. சில நாள் இதுக்கு நேர் எதிரா நடக்கும், போட்டு வச்ச டீய மறந்தே போயி அரை மணி நேரம் கழிச்சு பாத்தா மேல ஆடை படிஞ்சு சில்லுனு கிடக்கும், அத ஒரே மடக்குல ஊத்திக்கிட்டு மறுபடி வேலைக்குள்ள போயிடுவோம். ரெண்டு நாளும் டீ உள்ள போச்சு, ஆனா குடிக்க நாம அங்க இல்ல.

தினமும் குடிக்கிற டீய மைண்ட்ஃபுல்லா குடிங்க, அத ஒரு சின்ன சடங்கு மாதிரி ஆக்கிக்கோங்கன்னு நிறைய பேரு சொல்றாங்க. அப்படின்னா என்ன, எங்க ஆரம்பிக்கணும், உக்காந்து என்னதான் பண்ணணும்னு புதுசா வர்றவங்களுக்கு குழப்பமா இருக்கும். எனக்கு தெரிஞ்சதையும் பண்ணி பாத்ததையும் வச்சு எழுதுறேன், தியானமே பண்ணாதவங்களுக்கும் இது ஒத்து வரும்.

முதல்ல அந்த சடங்குங்கிற வார்த்தைய பாத்துடலாம். நம்ம பேச்சுல "சும்மா சடங்குக்கு வந்துட்டு போனான்", "சடங்குக்கு ஒரு வார்த்த கேட்டா"ன்னு சொல்றோம்ல, மனசு ஒட்டாம கடமைக்கு பண்றதுக்கு அதுதான் பேரு. நான் இங்க சொல்ற சடங்கு அதுக்கு தலைகீழ். அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே டம்ளர்தான், ஆனா செய்யறப்ப மனசும் கூட வரணும். ஒரு காரியம் நல்லா பழகிப்போச்சுன்னா நாம இல்லாமலே கை அத பண்ணி முடிச்சிடும். கதவ பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயி, பூட்டினோமா இல்லையான்னு திரும்பி வந்து இழுத்து பாக்குறோம் பாருங்க, அது அதனாலதான். கை பூட்டிச்சு, நாம பாக்கல. டீயும் அந்த கணக்குல போயி சேந்துடுச்சு, அத மட்டும் அங்கேருந்து வெளிய எடுக்குறோம்.

மைண்ட்ஃபுல்னெஸ்னா இப்ப நடந்துட்டு இருக்குறத நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம, வேணும்னே கவனிக்கிறது. புத்த மரபுல பாலி மொழில "சதி" (sati, விழிப்போட கவனிக்கிறது)ன்னு சொல்ற ரொம்ப பழைய பயிற்சி இது. 1979ல ஜான் கபட்-ஜின் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரில தீராத வலியோட, மன அழுத்தத்தோட வர்ற நோயாளிங்களுக்காக இத சில வாரம் நடக்குற ஒரு வகுப்பா நடத்த ஆரம்பிச்சாரு, இன்னைக்கு ஆஸ்பத்திரி, ஸ்கூல், ஆபீஸ்னு எல்லா இடத்துலயும் மைண்ட்ஃபுல்னெஸ் பேச்சு அடிபடுறதுக்கு அது ஒரு பெரிய காரணம். அந்த வகுப்புல ஆரம்பத்துல குடுக்குற பயிற்சி ஒரே ஒரு உலர் திராட்சை. அத உள்ளங்கையில வச்சு பாக்கணும், விரல்ல உருட்டணும், மோந்து பாக்கணும், நாக்குல வச்சுட்டு கடிக்காம இருக்கணும், அப்புறம் மெதுவா ஒரு கடி. அந்த திராட்சை பண்ற வேலைய ஒரு டம்ளர் டீ தாராளமா பண்ணும், அதுவும் தினமும் எப்படியும் நம்ம கைக்கு வந்து சேர்ற பொருள் வேற.

என் மனசு ஒரு இடத்துல நிக்காதே, எனக்கு இது வராதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2010ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், 2,250 பேருக்கு போன் வழியா அப்பப்ப கேள்வி அனுப்பி, இப்ப என்ன பண்றீங்க, மனசு அதுல இருக்கா வேற எங்கயாவது இருக்கான்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு செய்ற வேலைல இல்ல. அதனால இது உங்க ஒருத்தரோட குறை இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான்.

சரி, ஏன் டீ? தண்ணி குடிக்கிறதயே இப்படி பண்ணக்கூடாதான்னு கேக்கலாம், பண்ணலாம்தான். ஆனா டீல கவனிக்கிறதுக்கு விஷயம் ஜாஸ்தி, அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கிட்டே இருக்கும், போடுறப்ப ஒரு சத்தம், ஊத்துறப்ப ஒரு வாசனை, முதல் வாய்ல ஒரு சூடு, கடைசி வாய்ல வேற ருசி. முக்கியமா, அவசரப்பட்டா நாக்கு பொசுங்கிடும். நம்மள காத்திருக்க வைக்கிற பொருள் இன்னைக்கு நம்ம கையில எத்தன இருக்கு சொல்லுங்க.

தியானத்துக்கும் டீக்கும் பழைய சொந்தமும் இருக்கு. ஜப்பான்ல எய்சாய்ங்கிற துறவி 1191ல சீனாவுல படிச்சிட்டு திரும்பி வந்தப்ப ஜென்ங்கிற புத்த தியானப் பயிற்சிய கொண்டு வந்தாரு, கூடவே டீ விதையும் கொண்டு வந்ததா சொல்றாங்க. மணிக்கணக்கா உக்காந்து தியானம் பண்ற துறவிகளுக்கு கண்ணு சொக்காம இருக்க டீ துணையா இருந்துச்சு. இப்ப இதுக்கு காரணமா தியானின் (theanine)னு ஒண்ணையும் சேத்து சொல்றாங்க, டீ இலைல இருக்குற ஒரு அமினோ அமிலம், காஃபின் குடுக்குற விழிப்போட இது சேந்தா மனசு பதட்டம் இல்லாம தெளிவா இருக்கும்னு ஆய்வுகள் வந்திருக்கு. ஆனா அந்த ஆய்வுகள்ல குடுக்குற அளவு பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம், சாதாரண ஒரு கப்ல அவ்ளோ இருக்காது. அதனால இலை உள்ள போயி தானா எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நம்பி உக்காராதீங்க, இங்க வேலை செய்யப்போறது உங்க கவனம்தான்.

எந்த டீய எடுத்துக்கிறது? ஒரு நாளைக்கு மூணு நாலு குடிக்கிறவங்க எல்லாத்தையும் இப்படி குடிக்கணும்னு ஆரம்பிச்சா மூணாவது நாளே விட்டுடுவீங்க. ஒண்ணே ஒண்ணு போதும். மத்ததெல்லாம் வழக்கம்போல பேசிக்கிட்டு, வேலை பாத்துக்கிட்டு குடிங்க, தப்பே இல்ல. நான் சொல்றது காலைல முதல் டீ, ஏன்னா அந்த நேரத்துல அன்னைக்கு வேலைங்க நம்மள இன்னும் பிடிச்சு இழுக்க ஆரம்பிச்சிருக்காது. காலைல வீடே ஓடுற வீடா இருந்தா மத்தியானத்துக்கு அப்புறம் வர்ற டீய எடுத்துக்கோங்க. ராத்திரி டீ மட்டும் வேணாம். ஒரு கப் பிளாக் டீல சுமார் 40, 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும், உடம்பு அதுல பாதிய வெளியேத்தவே சராசரியா 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். அமைதிக்குன்னு குடிச்சிட்டு தூக்கத்த தொலைக்கிறதுல என்ன அர்த்தம் இருக்கு. சாப்பாட்டோட சேத்தும் வேணாம், காய்கறி, பருப்புல இருக்குற இரும்புச்சத்த உடம்பு எடுத்துக்கிறத டீ குறைக்கும், ரத்தசோகை இருக்குறவங்க கண்டிப்பா ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

இப்ப அடுப்புகிட்ட வருவோம். நிறைய பேரு சடங்கு டம்ளர்ல ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறாங்க, என்ன கேட்டா அது தண்ணில ஆரம்பிக்குது. நாளைக்கு ஒரு நாள் தண்ணிய அடுப்புல வச்சிட்டு நகராம பக்கத்துலயே நின்னு காத குடுத்து கேளுங்க. முதல்ல ஒரு சத்தமும் இருக்காது. ஒரு நிமிஷம் போல கழிச்சு பாத்திரத்தோட அடியில மணி மணியா சின்ன குமிழ் ஒட்டி நிக்கும். அப்புறம் மெல்லிசா ஒரு இரைச்சல் ஆரம்பிக்கும், தூரத்துல மழை வர்ற மாதிரி, அது ஏறிக்கிட்டே போகும், நல்லா சத்தமா ஆகும். அடியில சூட்டுல உண்டாகுற நீராவிக் குமிழ் மேல வர்றப்ப இன்னும் சூடாகாத தண்ணில பட்டு உடைஞ்சு அமுங்கிப் போகுது, ஆயிரக்கணக்குல அப்படி அமுங்குற சத்தம்தான் அந்த இரைச்சல். அப்புறம் பாருங்க, கொதி வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி அந்த சத்தம் இறங்கும். தண்ணி முழுசும் சூடாயிடுச்சு, குமிழ் உடையாம மேல வரைக்கும் வந்து சேருது, இரைச்சல் போயி தளதளன்னு வேற சத்தம். இத்தன வருஷம் தண்ணி கொதிக்க வச்சிருக்கேன், கொதிக்கிறதுக்கு முன்னாடி அது அமைதியாகுதுங்கிறத நின்னு கேட்ட அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு எனக்கு உண்டான சந்தோஷம் சின்னது இல்ல.

இந்த ரெண்டு மூணு நிமிஷத்துலதான் கை போனுக்கு போகும். எனக்கும் போகும். ஜப்பானிய டீ மரபுல பெரிய ஆசான்னு சொல்ற சென் நோ ரிக்யூ (1522–1591) காலத்து டீ அறைக்கு வாசல் ரொம்ப சின்னது, ரெண்டடிக்கு கொஞ்சம் மேலதான் உயரம், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் குனிஞ்சு தவழ்ந்துதான் உள்ள போகணும். சாமுராய் வீரர்களும் வாள வெளிய வச்சிட்டுத்தான் போகணும். அந்த வாசல நாம கட்ட முடியாது, ஆனா போன வேற ரூம்ல வச்சிட்டு வர முடியும். கவுத்து வச்சா போதுமேன்னு தோணும், பத்தாது. கண்ணுக்கு தெரியுற தூரத்துல இருந்தா மனசுல பாதி அங்கதான் இருக்கும், பண்ணி பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும். டைமர் வைக்கணும்னா கூட போன் வேணாம், மனசுக்குள்ள எண்ணுங்க, முப்பது மூச்சு எண்ணினா ரெண்டு நிமிஷத்துக்கு கிட்ட வந்துடும்.

டீ போடுறது உங்க இஷ்டம். பால் ஊத்தி கொதிக்க விடுங்க, வெறும் பிளாக் டீ, கிரீன் டீ, பை போட்டு முக்குற டீ, எதுவா இருந்தாலும் சடங்குக்கு குறை இல்ல. பிளாக் டீன்னா நல்லா கொதிச்ச தண்ணி, மூணுல இருந்து அஞ்சு நிமிஷம். கிரீன் டீக்கு 70, 80 டிகிரி போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கசந்துடும், ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். முழு இலை இருந்தா ஒரு தடவை கண்ணாடி டம்ளர்ல போட்டு பாருங்க, சுருண்டு காஞ்சு கிடந்த இலை தண்ணி பட்டதும் மெதுவா நெளிஞ்சு விரிஞ்சு செடில இருந்த உருவத்துக்கு திரும்பும், கலர் இலைல இருந்து நூல் நூலா இறங்கும். பால் டீன்னா பொங்கி வர்ற அந்த நொடி இருக்கே, சுத்தி நுரை ஏறி நடுவுல குழியாகி விளிம்பு வரைக்கும் வந்துட்டு தீய குறைச்சதும் பெருமூச்சு விட்ட மாதிரி இறங்குமே, அத பாருங்க. பாத்துட்டுதான் ஆகணும், இல்லன்னா அடுப்ப துடைக்கிற வேலை வந்துடும்.

டம்ளர எடுத்துட்டு உக்காருங்க. நின்னுக்கிட்டு வேணாம். தினமும் ஒரே இடமா இருந்தா நல்லது, நாற்காலி, ஜன்னல் ஓரம், வாசப்படி எதுவா இருந்தாலும் சரி, பத்து நாள் போனா அந்த இடத்துல உக்காந்ததும் மனசே கொஞ்சம் இறங்கி வரும். உடனே குடிக்காதீங்க. 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 65 டிகிரிக்கு மேல சூடா பானங்கள் குடிக்கிறது உணவுக்குழாய் புற்றுநோய்க்கு காரணமாகக்கூடும்னு வகைப்படுத்தியிருக்கு, அதனால ஆற விடுறது உடம்புக்கும் நல்லதுதான். அந்த நேரத்துல ரெண்டு கையாலயும் டம்ளர சுத்தி பிடிச்சுக்கோங்க. சூடு முதல்ல விரல் நுனில தெரியும், அப்புறம் உள்ளங்கை, கொஞ்ச நேரத்துல மணிக்கட்டு வரைக்கும் வரும். ஆவி முகத்துல படுற அளவுக்கு கிட்ட கொண்டு வந்து மெதுவா மூச்ச இழுங்க.

வாசனை ஏன் முக்கியம்னா, டீயோட ருசின்னு நாம நினைக்கிறதுல பெரும்பங்கு மூக்கோட வேலை. இத நம்ப மாட்டீங்கன்னா மூக்க விரலால இறுக்கி பிடிச்சிட்டு ஒரு வாய் குடிங்க. இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், சூடு தெரியும், ஆனா டீ தெரியாது. முழுங்கிட்டு மூக்க விடுங்க, அந்த நொடில தொண்டைக்கு பின்னாடி இருந்து மூக்குக்குள்ள ஏறி வரும் பாருங்க, அதுதான் டீ. சளி பிடிச்சிருக்குறப்ப டீ சப்புனு வெந்நி மாதிரி இருக்குறது இதனாலதான். எனக்கு ஒரு தடவை ஜுரம் வந்து வாசனையே போயி வாரக்கணக்குல எத குடிச்சாலும் ஒண்ணும் தெரியாம இருந்துச்சு, ஒரு நாள் காலைல டம்ளர தூக்குறப்ப லேசா, ரொம்ப லேசா டீ வாசனை வந்துச்சு, அப்படியே அத பிடிச்சுக்கிட்டு குடிக்காமலே உக்காந்திருந்தேன். கவனிக்கிறதுன்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்கு அந்த காலைதான் ஞாபகத்துக்கு வரும்.

முதல் மூணு வாய் மட்டும் முழுசா கவனிங்க, ஆரம்பத்துல அது போதும். வாய்ல வச்சதும் முழுங்காம ஒரு நொடி நிறுத்துங்க. நாக்கு நுனில என்ன, ஓரத்துல என்ன, கன்னத்துக்கு உள்பக்கம் லேசா இழுத்து பிடிச்ச மாதிரி காய்ஞ்சு போற மாதிரி ஒண்ணு வருதா, அதுக்கு துவர்ப்புன்னு பேரு, டீல இருக்குற பாலிஃபீனால்ஸ் நம்ம எச்சில்ல இருக்குற புரதத்தோட ஒட்டிக்கிட்டு வழவழப்ப எடுத்துடுது, அதனால வர்ற உணர்வு. பால் சேத்தா இது குறையும், ஏன்னா அது பாலோட புரதத்துலயே ஒட்டிக்கும். முழுங்குறப்ப சூடு தொண்டைல இருந்து நெஞ்சு வரைக்கும் இறங்குறத பின்னாடியே போயி பாருங்க, ஒரு இடத்துக்கு அப்புறம் அது காணாம போகும், அந்த இடம் எதுன்னு பாருங்க.

ரெண்டாவது வாய்லயே மனசு ஓடிடும். இன்னைக்கு கட்ட வேண்டிய பில்லு, நேத்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அதுக்கு நான் இப்படி சொல்லியிருக்கணும்னு ஒரு பதில், அப்படியே ஒரு பெரிய சண்டையே உள்ள ஓடி முடிஞ்சிருக்கும், திடீர்னு முழிச்சு பாத்தா டம்ளர்ல பாதி காலி. இங்கதான் முக்கால்வாசி பேரு எனக்கு வரலன்னு விட்டுடறாங்க. ஆனா "ஐயோ நான் இங்க இல்லையே"ன்னு தெரிஞ்சுச்சு பாருங்க, பயிற்சி நடந்ததே அந்த நொடிலதான். ஓடாம இருக்குறது பயிற்சி இல்ல, ஓடினத கண்டுபிடிச்சு திட்டாம திரும்பி வர்றதுதான். ஒரு டம்ளருக்குள்ள பதினஞ்சு தடவை ஓடி பதினஞ்சு தடவை திரும்பி வந்தீங்கன்னா அன்னைக்கு பதினஞ்சு தடவை பயிற்சி பண்ணியிருக்கீங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு பிடி வேணும், டம்ளரோட சூடு அதுக்கு நல்லா இருக்கும், ஏன்னா அது எப்பவும் கையிலயே இருக்கு, தேட வேண்டியதில்ல.

சில நாள் அமைதிக்கு பதிலா எரிச்சல் வரும், சோகம் கூட வரும், இவ்ளோ நாள் ஓடிட்டே இருந்ததுல தெரியாம இருந்தது உக்காந்ததும் மேல வரும். அதுக்காக டீ வேலை செய்யலன்னு அர்த்தம் இல்ல, வந்தத வந்துச்சுன்னு பாத்துட்டு அடுத்த வாய் குடிங்க, தினமும் அது தாங்க முடியாத அளவுக்கு வந்தா டீயோட நிக்காம ஒரு மனநல மருத்துவர பாக்குறது நல்லது.

புதுசா ஆரம்பிக்கிறவங்க பொருள் வாங்க ஓடுறத நிறைய பாக்குறேன், தனி கப், தனி தட்டு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, மியூசிக். ஆசை இருந்தா வாங்குங்க, ஆனா அது இல்லாம ஆரம்பிக்க முடியாதுன்னு நினைக்காதீங்க. அந்த மியூசிக் மட்டும் வேணவே வேணாம், தண்ணி சத்தம் கேக்காது. வீட்டுல மத்தவங்களையும் இதுக்குள்ள இழுக்காதீங்க, "நான் டீ குடிக்கிறப்ப யாரும் பேசாதீங்க"ன்னு சட்டம் போட்டா வீட்டுக்கே அந்த டீ மேல கோவம் வந்துடும். குழந்தை ஓடி வந்து மடில ஏறினா அன்னைக்கு டீயோட சேத்து குழந்தையும் கவனத்துக்குள்ள வரட்டும். யாராவது பேச வந்து உக்காந்தா டம்ளர கீழ வச்சிட்டு அவங்க சொல்றத கேளுங்க, டீக்கு குடுக்க நினைச்ச கவனத்த அவங்களுக்கு குடுங்க.

எத்தன நாள்ல பழகும்னு கேப்பீங்க. 21 நாள்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்றது, அது நம்புற மாதிரி இல்ல. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர வச்சு பண்ணின ஆய்வுல ஒரு புது விஷயம் தானா வர்ற அளவுக்கு பழக நடுத்தரமா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் கணக்கு போச்சு. அதுல எனக்கு பிடிச்ச விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பழக்கம் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா இங்க ஒண்ண கவனிக்கணும், உக்காருற நேரமும் இடமும் பழக்கமா ஆகலாம், ஆகணும், கவனம் மட்டும் தானா வர்றதே இல்ல, ஒவ்வொரு நாளும் புதுசா குடுத்தாதான் உண்டு. அறுபது நாள் கழிச்சு அதே நாற்காலி, அதே டம்ளர்னு உக்காந்துட்டு மனசு பூரா ஆபீஸ்ல இருந்தா அது பழையபடி "சடங்குக்கு" குடிச்ச டீயாதான் ஆகும். அப்படி ஆகுற நாள் வரும், எல்லாருக்கும் வரும், அன்னைக்கு டம்ளர கை மாத்தி பிடிங்க, இடது கையால குடிங்க, உடம்புக்கு பழகாத ஒண்ண குடுத்தா மனசு என்னன்னு பாக்க ஓடி வந்துடும்.

கடைசி வாய அவசரமா முடிக்காதீங்க. அது ஆறியிருக்கும், சர்க்கரை அடியில தங்கியிருந்தா இனிப்பு தூக்கலா இருக்கும், தூள் கொஞ்சம் நாக்குல தட்டும், முதல் வாய் குடிச்ச அதே டீயான்னு தோணும். குடிச்சிட்டு ஒரு மூச்சு இழுத்து விடுங்க, தொண்டைல இருந்து வாசனை இன்னொரு தடவை வந்துட்டு போகும். அப்புறம் டம்ளர அப்படியே போட்டுட்டு போகாம நீங்களே எடுத்துட்டு போயி, அடியில ஒட்டின தூள விரலால தேச்சு கழுவி, தண்ணி வடியட்டும்னு கவுத்து வைங்க. அதுக்கப்புறம் போன எடுத்துக்கலாம்.